சாப்பாடு பிரமாதம், கவனிப்பு மோசம்: அந்த உணவகத்தை என்ன செய்வது?

வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஓர் உணவகம். சமைப்பவருக்கு நல்ல கைப்பக்குவம். முதல் வாயிலேயே மனசு நிறைந்துவிடும். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் வர பத்து நிமிடம் ஆகிறது, கேட்டது ஒன்றாகவும் வந்தது ஒன்றாகவும் இருக்கிறது, பில் கேட்டுக் கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலிக்கிறது. பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருந்தால் என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

சாப்பாடும் மோசம் என்றால் கேள்வியே இல்லை, அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். சாப்பாடு நன்றாக இருப்பதால்தான் இவ்வளவு யோசனை. வழிகள் பல இருக்கின்றன. பொறுத்துக்கொண்டு போகலாம், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம், பார்சல் வாங்கலாம், செயலியில் வரவழைக்கலாம். முதலாளியிடம் பேசலாம், இணையத்தில் எழுதலாம், போவதையே நிறுத்திவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேறு எதைச் செய்வதானாலும் அதற்கு முன் ஒரு முறை முதலாளியிடம் நேரில் பேசிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் செய்வது இதற்கு நேர் எதிர். ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுகிறோம், அப்புறம் போவதே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு ஞாயிறு இரவு நடந்த விஷயம். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். மூன்று தட்டு வந்துவிட்டது, என்னுடையது வரவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சமையலறை ஜன்னல் தெரிந்தது. மாஸ்டர் என் தட்டை மேடையில் வைத்து மணியைத் தட்டினார். ஆவி பறந்துகொண்டிருந்தது. சப்ளையர் ஒரே ஒருவர். ஒரு கையில் எச்சில் தட்டுகள், மறு கையில் வேறு யாருக்கோ பில், சட்டைப் பையில் ஆர்டர் எழுதிய சீட்டு. மாஸ்டர் மறுபடி மணியைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆவி அடங்கியது. மேலே ஊற்றியிருந்த சாறு மெல்ல ஆடை கட்டத் தொடங்கியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தட்டு என்னிடம் வந்து சேர 11 நிமிடம் ஆனது. மற்ற மூவரும் எனக்காகக் காத்திருந்ததில் அவர்களுடையதும் ஆறிப்போயிருந்தது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. ‘சாப்பாடு நல்லா இருக்கு இல்ல, மத்ததை விடு’ என்று சொல்கிறோமே, அது சரியில்லை. சாப்பாடும் கவனிப்பும் தனித்தனிச் சரக்கு இல்லை. மாஸ்டர் அடுப்படியில் வியர்வை சிந்திச் செய்ததில் பாதி, அந்த மேடையில் 11 நிமிடத்தில் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு போவது என்ற முதல் வழியை நான் தள்ளிவிட்டதற்கு இதுதான் காரணம். நான் பொறுத்துக்கொள்ளலாம், தட்டில் இருக்கும் சூடு பொறுத்துக்கொள்ளாது.

மற்ற வழிகளை ஒப்பிடும் முன், ‘கவனிப்பு மோசம்’ என்று நாம் சொல்வது எந்த மோசம் என்று பார்க்க வேண்டும். சேவையின் தரத்தை எப்படி அளப்பது என்று பரசுராமன், ஜைதாமல், பெர்ரி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் வேலை செய்து 1988-ல் ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வது, கேட்டவுடன் உதவுவது, நம்பிக்கை தரும்படி நடந்துகொள்வது, அக்கறை காட்டுவது, கண்ணுக்குத் தெரியும் இடமும் பொருளும் நன்றாக இருப்பது. வாடிக்கையாளர்கள் இவற்றில் முதலாவதற்குத்தான் அதிக எடை கொடுத்தார்கள். சிரித்த முகம் வேண்டும்தான், ஆனால் கேட்டது கேட்டபடி வருவது அதைவிட முக்கியம்.

உணவக மேஜையில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு இது மூன்றாகத் தெரிகிறது. சப்ளையர் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறார், அப்படியும் தாமதமாகிறது என்றால் அங்கே ஆள் போதவில்லை. தட்டுகள் இந்த டேபிளுக்கும் அந்த டேபிளுக்கும் மாறி மாறிப் போகின்றன, ஒரே ஆர்டரை இரண்டு பேர் வந்து கேட்கிறார்கள் என்றால் வேலையில் ஒழுங்கு இல்லை. கை சும்மா இருக்கிறது, மூன்றடி தள்ளி நிற்கிறார், ஆனாலும் நம் பக்கம் பார்ப்பதில்லை, கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றால் அது மூன்றாவது ரகம். வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது. எனவே முடிவெடுக்கும் முன் ஒரு பத்து நிமிடம் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, நடப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

ஆள் போதாத இடத்துக்கு, போகும் நேரத்தை மாற்றுவதைப்போல நல்ல வழி இல்லை. இது நம்ப முடியாத அளவுக்கு வேலை செய்யும். அதற்குக் கணக்கே இருக்கிறது. ஒரே ஒருவர் கவனிக்கும் வரிசை, ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இதுதான் மிக எளிய மாதிரி. அவர் நேரத்தில் 50 சதவீதம் வேலையில் போகிறதென்றால், உங்கள் முறை வர சராசரியாக ஒருவரைக் கவனிக்க ஆகும் நேரம் காத்திருக்க வேண்டும். 80 சதவீதம் என்றால் அதில் 4 மடங்கு. 90 என்றால் 9 மடங்கு. 95 என்றால் 19 மடங்கு. ஒரு டேபிளைக் கவனிக்க 3 நிமிடம் என்று வைத்தால், காத்திருப்பு 3 நிமிடத்திலிருந்து 12, 27, 57 என்று ஏறுகிறது. 90-க்கும் 95-க்கும் நடுவே வந்த கூட்டம் கொஞ்சம்தான், ஆனால் காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். நிஜ உணவகத்தில் டேபிள்கள் எண்ணி இருப்பதால் இந்த அளவுக்குப் போகாது என்றாலும், போகும் திசை இதுதான்.

எட்டரை மணிக்கு அல்லாடும் அதே சப்ளையர் ஏழு மணிக்கு நிதானமாக, சிரித்த முகத்தோடு நிற்பதன் ரகசியம் இது. மனிதர் மாறவில்லை, சுமை மாறியிருக்கிறது. நான் ஏழு மணிக்குப் போன முதல் நாள், அவரே வந்து ‘இன்னைக்கு இது நல்லா வந்திருக்கு, போடட்டுமா?’ என்று கேட்டார். அத்தனை மாதத்தில் அவர் குரலை அவ்வளவு நேரம் கேட்டதே அன்றுதான்.

இதில் குறை இல்லாமல் இல்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர் ஏழு மணிக்கு எங்கே போவது? அப்புறம், சேர்ந்து சாப்பிட வேண்டிய நாள் என்பது எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும் நாள்தான், கூட்டமும் அன்றைக்குத்தான். ஒழுங்கு இல்லாத இடத்திலும் முகம் கொடுக்காத இடத்திலும் நேரத்தை மாற்றி அவ்வளவாகப் பலன் இல்லை. கூட்டமே இல்லாதபோதும் ஆர்டர் மாறிப்போகிறதென்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது.

பார்சலுக்கு வருவோம். சப்ளையர், பில், காத்திருப்பு என்ற தொல்லைகளை ஒரே அடியில் கழற்றிவிடலாம் என்பதால் பலர் இதற்குத்தான் போகிறார்கள். ஆனால் எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. சாறும் குழம்புமாக இருப்பவை பெட்டிக்குள் பெரிதாகக் கெடுவதில்லை. பொரித்தவைதான் கெட்டுப்போகின்றன. பொரித்த பண்டத்தின் வெளித்தோல் மொறுமொறுப்பாக இருப்பது அதில் ஈரம் இல்லாததால்தான். மூடிய பெட்டிக்குள் உள்ளிருக்கும் சூட்டில் கிளம்பும் நீராவி வெளியே போக வழியில்லாமல் மூடியில் படிந்து, சொட்டாகி, அந்தத் தோலிலேயே இறங்குகிறது. வீட்டுக்குப் போய்த் திறந்தால் நமத்துக் கிடக்கும். பெட்டியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து எடுத்துப்போனால் சூடு சீக்கிரம் போகும், மொறுமொறுப்பு மிஞ்சும். இரண்டில் எது வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு: சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாங்கி வைத்து ‘அப்புறம் சாப்பிடலாம்’ என்று விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செயலி மூலம் வரவழைப்பதை நான் இந்தப் பட்டியலில் கீழே வைக்கிறேன். ஆர்டர் மாறினால் அந்த இடத்திலேயே திருத்த முடியாது. சமையலறைக்குச் சுமை குறைவதும் இல்லை, டேபிள் ஆர்டரும் செயலி ஆர்டரும் ஒரே அடுப்புக்குத்தான் வருகின்றன. பெரிய செயலி நிறுவனங்கள் ஒவ்வோர் ஆர்டரிலும் 15 முதல் 30 சதவீதம் வரை தரகு எடுப்பது பல நாடுகளில் வழக்கம். இரண்டாவது சப்ளையரை வேலைக்கு வைக்க முதலாளியிடம் பணம் இல்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை என்றால், அந்தப் பணத்தை நாமே வேறு பக்கம் திருப்பிவிடுகிறோம். நேராக உணவகத்துக்கே ஃபோன் செய்து சொல்லிவிட்டு, நடந்துபோய் வாங்கிவருவது எல்லா விதத்திலும் மேல். நடக்க முடியாதவர்களுக்கும் உடம்பு சரியில்லாதவர்களுக்கும் செயலி பெரிய உதவி, அதை நான் மறுக்கவில்லை.

இனி, பலரும் எடுக்கும் முடிவு: சத்தமில்லாமல் நிறுத்திவிடுவது. பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் இதைப் பற்றி ஆழமாக எழுதினார். ஒரு நிறுவனத்தின் தரம் சரியும்போது மக்களுக்கு இரண்டு வழி: விலகிப் போவது, அல்லது குரல் கொடுப்பது. பற்றுதல் உள்ளவர்கள் சட்டென்று விலகாமல் இருந்து குரல் கொடுப்பார்கள். அவருக்கு இந்த யோசனை நைஜீரியாவின் ரயில்களைப் பார்த்தபோது வந்தது. லாரிகள் போட்டியாக வந்த பிறகும் ரயில் சேவை திருந்தவில்லை. போட்டி வந்தால் திருந்தும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது வேறு. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டு, சத்தம் போட்டுக் கேட்டிருக்கக்கூடியவர்கள்தான் முதலில் லாரிக்கு மாறிவிட்டார்கள். கேட்பதற்கு ஆளே இல்லாமல் போனது.

தெருமுனை உணவகத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. ருசி தெரிந்தவர், ஆறிப்போன தட்டைக் கவனிப்பவர், ‘இது சரியில்லையே’ என்று பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவர், அவர்தான் முதலில் நின்றுவிடுகிறார். வருமானம் குறைவது முதலாளிக்குத் தெரியும், ஏன் குறைகிறது என்று தெரியாது. விலை அதிகமோ, ருசி குறைந்துவிட்டதோ என்று யோசித்து, நன்றாக இருக்கும் சமையலில் கைவைத்துக் கெடுத்துவிடவும் கூடும். எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு அதுதான்.

இணையத்தில் எழுதுவது குரல் கொடுப்பதுதானே என்று கேட்கலாம். குரல்தான், ஆனால் முதலாளியின் காதில் விழும் முன் ஊர் காதில் விழும் குரல். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூகா 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவற்றின் நட்சத்திர மதிப்பையும் அவர் ஒப்பிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. இந்தப் பாதிப்பு முழுக்கத் தனி ஆட்கள் நடத்தும் உணவகங்களில்தான். பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய பெயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியுமே. அதாவது நாம் கோபத்தில் தட்டும் ஒற்றை நட்சத்திரம் பெரிய யானையை உரசாது, சின்னக் கடையைத்தான் அடிக்கும். எழுதியே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு ஒரு வரி, கவனிப்புக்கு ஒரு வரி என்று பிரித்து, எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லி எழுதுங்கள். ‘ஞாயிறு இரவு கூட்டத்தில் தாமதம், மற்ற நேரம் பிரச்சினை இல்லை’ என்ற ஒரு வரி, படிப்பவருக்கும் முதலாளிக்கும் உதவும். ‘சர்வீஸ் படுமோசம்’ என்பது யாருக்கும் உதவாது.

எனவே நேரில் பேசுவதுதான் மிச்சம். தயக்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் பிற்பகல் நான்கு மணிக்கு, உள்ளே இரண்டே பேர் இருக்கும்போது போனேன். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி மனசில் இருப்பதை முதலில் சொன்னேன், அது பூசி மெழுகுவதற்காக இல்லை, உண்மை. அப்புறம் சொன்னேன்: “ஞாயிறு ராத்திரி எட்டரைக்கு என் தட்டு மணி அடிச்சும் 11 நிமிஷம் மேடையிலேயே இருந்ததுங்க. ஆறிப்போச்சு.”

“ஆள் கிடைக்க மாட்டேங்குதுங்க” என்றார் முதலில். எதிர்பார்த்ததுதான். கொஞ்சம் பொறுத்து, “எந்த டேபிள்?” என்றார். காட்டினேன். எழுந்து அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, சமையலறை ஜன்னலைப் பார்த்தார். கல்லாவிலிருந்து அந்த மேடை தெரியாது, நடுவில் ஒரு தூண் மறைக்கிறது. மாஸ்டர் அடிக்கும் மணியை அவர் தினமும் கேட்கிறார், தட்டு எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்படிப் பேசும்போது நான் பிடிவாதமாக வைத்துக்கொண்ட விஷயம், சப்ளையரின் பேரை எடுக்காதது. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்று முடிவு செய்தவர் அவர் இல்லை. நேரம், டேபிள், நடந்தது, இந்த மூன்றையும் சொன்னால் போதும். ஆளைச் சுட்டினால், ஒழுங்கை மாற்ற வேண்டிய இடத்தில் ஆளை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். ஒருவர் பிழைப்பும் போகும், பிரச்சினையும் அப்படியே இருக்கும். முகம் கொடுக்காத ரகத்தில் மட்டும் ஆளைச் சொல்லாமல் முடியாது. அப்போதும் என்ன பேசினார், என்ன செய்தார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

காத்திருக்கும் மனநிலையைப் பற்றி மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-ல் எழுதியதில் ஒன்றை அன்று முதலாளியிடம் என் வார்த்தையில் சொன்னேன்: காரணம் சொல்லாத காத்திருப்பு நீளமாகத் தெரியும், நமக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் கிடைத்தால் இன்னும் நீளமாகத் தெரியும். ‘இன்னும் 15 நிமிஷம் ஆகும்ங்க’ என்று யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடும். அதற்குப் புது ஆள் வேண்டியதில்லை.

பேசியும் பலன் இல்லை என்றால்? இரண்டு முறை சொல்லிப் பார்த்து, ஒரு மாதம் விட்டு, அப்புறமும் அதே நிலை என்றால் நிறுத்துவதில் எனக்கு மனக்குறை இல்லை. சொல்லிவிட்டுத்தானே போகிறோம். பேசவே தேவையில்லாமல் உடனே நிறுத்த வேண்டிய இடங்களும் உண்டு. பில்லில் திரும்பத் திரும்பக் கூட்டி எழுதுகிறார்கள், சாப்பிட வந்தவரை அவமானப்படுத்துகிறார்கள், வேலை செய்யும் பையனை எல்லோர் முன்னிலும் திட்டுகிறார்கள், கழுவும் இடம் பார்க்கவே முடியாதபடி இருக்கிறது என்றால் ருசி எவ்வளவு இருந்தாலும் அங்கே எனக்கு வேலை இல்லை.

கொஞ்சம் சுமாரான சாப்பாடு, ஆனால் நல்ல கவனிப்பு உள்ள இடத்துக்கு மாறலாமா என்றால், அது யாரோடு போகிறோம் என்பதைப் பொறுத்தது. வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால், மருந்து நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர் இருந்தால், நான் யோசிக்காமல் கவனிப்பைத் தேர்ந்தெடுப்பேன். பசியில் அழும் குழந்தைக்கு மாஸ்டரின் கைப்பக்குவம் தெரியப்போவதில்லை. தனியாகப் போகும் நாளில், அல்லது அவசரமில்லாத ஒரு நண்பரோடு போகும்போது, ருசிதான் ஜெயிக்கும். ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, இரண்டு இடத்துக்கும் வேலை இருக்கிறது.

பேசி இரண்டு மாதம் ஆகிறது. கூட்ட நேரத்தில் முதலாளியே கல்லாவை விட்டு எழுந்துவந்து மேடையிலிருந்து தட்டுகளை எடுத்து வைக்கிறார். சப்ளையர் ஆர்டரையும் பில்லையும் மட்டும் பார்த்துக்கொள்கிறார். தட்டு சூடாக வருகிறது. பில் இன்னும் தாமதம்தான், அவர் எழுந்துவந்துவிடுவதால் கல்லாவில் ஆள் இல்லை. சாப்பாடு பாதியில் இருக்கும்போதே நான் பில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இப்போது போவது வாரநாளில், ஏழு மணிக்கு. ஞாயிறு இரவு மட்டும் இன்னும் வீட்டில்தான் சாப்பிடுகிறோம்.